வண்டிக்குப் பூசை போட்டார்கள்

அண்ணனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்த அவனுடைய குட்டி யானை லோடு வண்டி, மாமல்லபுரம் தாண்டியதும் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த அவன் சிநேகிதன் அங்கேயே போய்விட்டான். விசாரிக்க வந்தவர்கள், "நீ பொழச்சியே, அதுவே பெருசு" என்று சொல்லி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பிழைத்தவன் தூங்கவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ போய்விடுவான். கூப்பிட்டால் காதில் விழாது. நான் பொத்தேரியில் உளவியல் படிக்கிறேன். இதற்கெல்லாம் பெயர் உண்டு என்று தெரியும், சொல்ல நாக்கு துடிக்கும். நடந்து முடிந்தது என்று அவன் மூளை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இப்போதுதான் நடக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அதாம்மா நானும் சொல்றேன். பயந்துகினான்."

நைனாவின் கட்சி வேறு. கோளாறு வண்டியில் இருக்கிறது. அது ரத்தம் பார்த்த வண்டி. பட்டறையில் விட்டு முன்பக்கத்தை மாற்றினார், நீலத்துக்கு மேல் மஞ்சள் அடிக்கச் சொன்னார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர் இருக்கிறார் என்று நான் நச்சரித்ததில் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"பூசை போட்டதும் அவன் வண்டிய எடுக்கட்டும். எடுக்கலன்னா நீ சொல்ற எடத்துக்கு இட்டுகினு போ."

எங்கள் ஊர் திருப்போரூரில், கோயில் வாசலில் காலையிலேயே வண்டியை நிறுத்தியாயிற்று. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓட்டுகிறவன் அவற்றை நசுக்கிக்கொண்டு போனால் தோஷம் கழிந்தது.

"ஏர்றா," என்றார் நைனா.

ஏறினான். சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"இன்னா அண்ணாத்த, புது பெயின்ட்டு, பழைய பேட்டரியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த ஹாரனில்தான் அண்ணன் மறுபடி எங்கோ போய்விட்டான். இடது பக்கம் திரும்பி, காலி சீட்டில் தோள் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டினான்.

"மச்சான், தூங்காதடா. மச்சான்."

சிரிப்பு நின்றது. நைனா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "யாராண்டடா பேசற?" என்றார். அண்ணன் கதவைத் திறந்து கீழே இறங்கி, சக்கரத்தோரமாகவே வாந்தி எடுத்தான். நைனா தோள் துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இட்டுகினு போம்மா."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், பஸ் ஸ்டாப் வரும்வரை. செங்கல்பட்டு பஸ் வந்தது. அண்ணன் படியில் ஒரு காலை வைத்தான். இன்ஜின் அதிர்வு அந்தக் கால் வழியாக ஏறுவது எனக்கே தெரிந்தது. காலை எடுத்துவிட்டான்.

"அடுத்ததுல போலாம்."

அடுத்ததிலும் அதேதான். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறு, இல்ல வழி வுடுப்பா" என்றார். வண்டி என்றால் நடுங்குகிறவனைக் குணப்படுத்தும் டாக்டர், வண்டி ஏறினால்தான் போகக்கூடிய ஊரில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சை மெதுவாக இழு, கால் தரையில் இருப்பதைக் கவனி என்று வகுப்பில் கற்றதையெல்லாம் சொன்னேன். அவனும் பாவம், சொன்னதையெல்லாம் செய்தான். பஸ் வந்தால் மட்டும் எதுவும் பலிக்கவில்லை.

"நடந்து போலாமா?" என்றான்.

"செங்கல்பட்டுக்காண்ணா? இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்."

நடக்க ஆரம்பித்துவிட்டான். கடைகள் முடிந்து, மனை விற்பனைக் கொடிகள் முடிந்து, வெயில் மட்டும் மிச்சமிருந்தது. லாரி வரும்போதெல்லாம் சாலையை விட்டு முள்ளுக்குள் இறங்கி நின்றுகொண்டான். போனதும் தானாகவே மேலே ஏறி வந்தான். அவன் வீட்டுப் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று நான் பின்னாலேயே நடந்தேன்.

"ஆஸ்பத்திரில ஓபி எப்ப மூடுவாங்க?" என்று திரும்பாமலே கேட்டான்.

நாங்கள் பாதி தூரம் போவதற்குள் மூடிவிடுவார்கள்.

"இருப்பாங்கண்ணா," என்றேன். "நட."