நான்கு நிமிடத் தாமதம்

பேருந்து நிலையத்தில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே நேரக் காப்பாளர். அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். யார் கெஞ்சினாலும் ஒரு நிமிடம் நிறுத்தமாட்டார். ஒருமுறை அவர் மனைவியே கைக்குழந்தையோடு ஓடிவர, பார்த்துக்கொண்டே ஊதினார். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மனிதருக்கு உறைத்ததா என்றால், அதுதான் இல்லை.

இந்தக் கறாரெல்லாம் இடது கையிலிருந்த மலிவான கடிகாரத்தை நம்பித்தான். ராணுவக்காரர்கள் கட்டுகிற மாதிரி. கறுப்பு முகம், கொட்டை கொட்டையாக வெள்ளை எண்கள், துணிப்பட்டை. கதவில் இடித்தாலும் மழையில் நனைந்தாலும் பேட்டரி தீரும்வரை தன் பாட்டுக்கு ஓடும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை.

தையல் கடை வைத்திருக்கும் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. இருபத்தைந்தாவது திருமண நாளில் ஆட்டோமேட்டிக் கடிகாரம் ஒன்றை வாங்கி நீட்டினாள். வெள்ளி முகம், எண்களுக்குப் பதில் மெல்லிய கோடுகள், தோல் பட்டை. பின்பக்கக் கண்ணாடி வழியே சக்கரங்கள் சுழல்வது தெரிந்தது. கட்டினால் சட்டைக் கைக்குள் நைசாக நுழைந்துகொண்டது.

"பேட்டரியே வேண்டாமாம். கை அசைஞ்சாலே சாவி ஏறிக்குமாம்," என்றாள்.

"பழசு நல்லாத்தானே ஓடுது?"

"ஓடட்டும். பெட்டிக்குள்ள ஓடட்டும்."

அவர் பழசைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

கடிகாரக் கடைக்காரர் அவளிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் கை அசைய வேண்டுமே. நிமிஷம் தன் கூண்டு அறையில் எட்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருப்பவர். வலது கை எழுதும். இடது கை, மின்விசிறிக் காற்றில் பதிவேட்டின் தாள்கள் பறக்காதபடி அதன்மேல் கல்லாகக் கிடக்கும். நேரம் பார்க்கக்கூடக் கையைத் தூக்கமாட்டார், தலையைத்தான் குனிவார். நான்காம் நாள் மதியம் கடிகாரம் சத்தமில்லாமல் நின்றது. சற்று நேரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலை எடுக்க அவர் கையை நீட்டியபோது, ஒன்றும் தெரியாதது மாதிரி மறுபடி ஓடியது. இரண்டையும் அவர் கவனிக்கவில்லை.

இரண்டு பத்து வண்டி நின்றுகொண்டிருந்தது. நடத்துனர் தன் போனைப் பார்த்தார். மணி தாண்டியிருந்தது. "நிமிஷம் இன்னும் ஊதல. என் போன்தான் தப்பு போல," என்று ஓட்டுனரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.

அப்போது மனைவி ஓடிவந்தாள். அன்று காலைதான் அவள் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இந்த வண்டியை விட்டால் மருத்துவமனையில் பார்வை நேரம் முடிந்துவிடும். வண்டியைப் பார்த்தாள், கூண்டின் ஜன்னலுக்கு வந்தாள்.

"மணி ரெண்டு பதிமூணு. போயிருக்கும்னுதாங்க ஓடி வந்தேன்," என்று மூச்சு வாங்கியபடி போனைக் காட்டினாள். "எனக்காகவா நிறுத்தி வச்சீங்க?"

அவர் கையில் மணி இரண்டு ஒன்பது. விஷயம் புரிந்துவிட்டது. கடிகாரம் நடுவில் நின்றிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"ம்... ஏறு. நேரமாச்சு," என்று விசிலை எடுத்தார்.

பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், நடத்துனர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். 'கடிகாரக் கோளாறு' என்று எழுதினால் அவர் பெயர் தப்பிக்கும். ஆனால் அது வண்டியோடு போய் அடுத்த நிறுத்தத்துக்குள் அவள் காதுக்கும் எட்டிவிடும். 'மனைவி வருவதற்காக நான்கு நிமிடம் நிறுத்தி வைத்தேன்' என்று எழுதினார். நடத்துனர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது, அவர் வேலை வாழ்க்கையிலேயே முதல் மெமோ. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அன்று மதியம் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் திறந்தார். இந்தக் குற்றத்தை ஒருமுறையாவது நிஜமாகவே செய்திருக்கலாமே என்று இருந்தது.