ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சம் என்று நான் பார்த்ததில்லை. சுரங்கத்தில் கரி வெட்ட வேண்டுமானால் ஊற்றை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊரில்தான் நான் பெற்ற மகளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க எனக்கு இஷ்டமில்லை.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டன. அதற்குத் தங்கம் போடுவது வழக்கம். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் மற்றவர்கள் மோதிரத்தை நூலில் கோத்துக் கட்டுவார்கள். நான் என் ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். நாலு பேர் பார்க்கட்டும் என்று வாசலில் உட்காரவும் வைத்தேன். வீக்கம் வற்றியது. சங்கிலிதான் வற்றவைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பாயை நனைக்க ஆரம்பித்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். உடம்புச் சூடு என்று இளநீரும் கற்கண்டுத் தண்ணீரும் கொடுத்தேன். இன்னும் அதிகமாயிற்று. சரி, இது திமிர் என்று முடிவு செய்தேன். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்றேன். சமையலறையைப் பூட்டினேன். குளியலறைக்குப் போனால் பின்னாலேயே போய்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈரப் போர்வையை அவளே வேலியில் காயப்போட வேண்டும். லீவு நாளில் மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கும்போது அந்தப் போர்வைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்தப் பஸ்ஸில்தான் அவள் அப்பாவும் வருவார். தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விடுவார்.

பக்கத்து வீட்டுக்காரி மதுரைப் பக்கம். ஒருநாள் வேலியோரம் வந்தாள்.

"யக்கா, போர்வையில எறும்பு மொய்க்குது. எங்கப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு, சீனி வியாதி. பிள்ளை எலும்பும் தோலுமா நிக்கிறா. ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிருங்க."

"கெழவனுக்கு வர்றது எம் பொண்ணுக்கு எப்படி வரும்? எங்க பரம்பரையிலயே கெடையாது. உங்க வூட்டு சீக்க எங்க வூட்டுக்குத் தூக்கிகினு வராத."

"சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

"சொல்லிட்டல்ல. போ."

எட்டு நாள் கழித்து, பகல் பதினோரு மணிக்கு, என் மகள் வாந்தியெடுத்துவிட்டுச் சுவரோரம் சரிந்தாள். பெருமூச்சு பெருமூச்சாக வாங்கினாள். வாயில் அழுகிய பழ வாடை. நடிக்கிறாள் என்று கன்னத்தில் ஓர் அறை வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. அவர் சுரங்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரிதான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

சர்க்கரை என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். முன்பு ஏதாவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். பொன்னுக்கு வீங்கியைச் சொன்னேன். தங்கம் போட்டதில் வற்றிவிட்டது என்பதையும் சொன்னேன்.

"வெளிய வத்திடுச்சும்மா. அந்த மாதிரிக் கிருமி சில பிள்ளைங்களுக்கு உள்ள கணையத்தையும் தொட்டுடும்னு சொல்றாங்க. கிருமியக் கொல்லக் கெளம்புற உடம்பு, எது கிருமி எது தன்னோட சதைன்னு தெரியாம அதையும் சேர்த்து அழிச்சிடுது. இவளுக்கு அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. தண்ணியாவது நல்லா குடிச்சாளா?"

"கேட்டப்பல்லாம் குடுத்தேங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கண் விழித்தாள். இனி பயமில்லை, காலையும் மாலையும் ஊசி போட வேண்டும், ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். நர்சம்மா என் கையில் டம்ளரைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னாள். உதட்டருகே கொண்டுபோனேன். வெடித்துக் கிடந்த உதட்டை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெயில் இறங்கியிருந்தது.

"மணி ஆறு ஆயிடுச்சாம்மா?"

நர்சம்மா சிரித்தாள். "ஆனா என்னடி, எங்கயாவது ஷிப்டுக்குப் போவணுமா?"

பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கவில்லை. என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அவளே புகட்டினாள். என் மகள் ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள்.

பக்கத்து வீட்டுக்காரி பிளாக்கில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலில் நின்று சண்டையாவது போட்டிருப்பேன்.