முயல் அறையில் கூடிய கூட்டம்

ஆராய்ச்சிக்கூட விலங்குகள் வதைபடாமல் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதென்றால், கடைசியில் ஒரே பாடம்தான்: பெரியவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது. மேலதிகாரி எதிரே கறிபாப் பலகாரத்தை மென்றபடி தலையாட்டியே பழகிய உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் கால்நடை மருத்துவர். ஒப்பந்த வேலை; குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் துறைத்தலைவர் டாக்டர் சிவபாலன். முயல்களை வைத்து ஆராய்ச்சி செய்பவரும் அவரேதான்.

முன்கூட்டியே ஒரு போன்

குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரைச் சேர்த்தோம். யாழ்ப்பாணக் குடும்பம். எல்லாருக்கும் அவர் ‘டீச்சர்’.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பதுதான் சோதனை என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால் முயல் அறையில் டெட்டால் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பராமரிப்பாளர் ராஜு சலவைக் கோட்டோடு வாசலில் நின்று வரவேற்கிறார். காலையிலேயே டீச்சர் போன் போட்டுவிட்டாராம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. டீச்சரோ சாவகாசமாகச் சொன்னார்:

“ஒருத்தரின்ட இடத்துக்குப் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போறதுதானே மரியாதை, பிள்ளை?”

ஒத்திகை

அடுத்த வகுப்பில் நானே ஆராய்ச்சியாளராக நடித்தேன். மயக்க மருந்து இல்லாமல் முயலுக்கு அறுவைசிகிச்சை செய்யப்போகிறேன், அனுமதி கொடுங்கள் என்று அதட்டினேன். மறுப்பார்கள் என்று பார்த்தால் ஒவ்வொருவராகக் கை தூக்கி அனுமதித்தார்கள். டீச்சர் மட்டும் தூக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. குழுவில் இருந்த, டாக்டரிடம் வேலை பார்க்கும் இளம் விரிவுரையாளர் முத்துவைப் பிடித்து, ஏன் மறுக்கவில்லை என்று உலுக்காத குறையாகக் கேட்டேன். அவன் நெளிந்தான்.

“அக்கா, நீங்க அப்படியே டாக்டர் மாதிரியே பேசுறீங்க. எப்படிலா நோ சொல்றது?”

ஏர்கான் நின்ற நாள்

ஒரு நாள் காலை ராஜு ஓடிவந்தார். முயல் அறையில் ஏர்கான் பழுது, குளிர்காற்று நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத அறை. முயல்கள் நீட்டிப் படுத்து வாயால் மூச்சு வாங்கின. காதைத் தொட்டால் கொதித்தது. சாயங்காலம்வரை தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றலாம் என்றேன். இடம் மாற்றினால் ஆராய்ச்சி கெட்டுவிடும், மெக்கானிக் நாளைக்கு வருவான் என்றார் டாக்டர். அவரை மீறி உத்தரவு போடக் குழுவால் மட்டுமே முடியும். அவசரக் கூட்டம் கூட்டப்போகிறேன் என்றேன். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

“கூட்டுங்க. உங்க ஒப்பந்தம் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க.”

நாற்காலி

கூட்ட அறையில் குளுகுளுவென்று ஏர்கான், தட்டு நிறையக் கறிபாப். நான் நிலைமையைச் சொல்லி முடித்தேன். ஆளுக்கொன்றாக எடுத்து மென்றார்கள். முத்து கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே முயல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.

டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, “முயல் அறையில இருந்து கதைப்பம்” என்று நடக்கத் தொடங்கினார். வயதானவர் நாற்காலி சுமக்க, மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? முத்து பாய்ந்து வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். வேறு வழியின்றி டாக்டரும் வந்தார்.

உள்ளே புழுக்கமும் மூத்திர நெடியும். டாக்டர் டையைத் தளர்த்தினார், கழுத்தைத் துடைத்தார், கடைசியில் வெடித்தார்: “சீக்கிரம் முடிங்க. மனுஷன் உட்கார முடியல இங்க.”

“நீங்கள் எழும்பிப் போகலாம், தம்பி. அதுகள்தான் பூட்டிக் கிடக்கு” என்றார் டீச்சர்.

முயல்கள் மூச்சிரைப்பது மட்டும் கேட்டது. பிறகு முத்துவின் கை உயர்ந்தது.

“டாக்டர்... நோ. இன்னிக்கே மாத்தணும்.”

மற்றவர்களும் கை தூக்க, ஒரு மணி நேரத்துக்குள் முயல்கள் இடம் மாறின. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்ததும் நானும் மாறினேன், பூச்சோங்கில் கிடைத்த புது வேலையில் எனக்குக் கொடுத்த அறையில் ஏர்கானே கிடையாது.