வாசலோரத்து இடம்

அந்தச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிமெண்ட் தரையில் ஷூ தேய்கிற சத்தம். வேறு இடமென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமுக்குள் அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். செருப்பை நாங்கள் கேட்டிலேயே கழட்டிவிடுவோம். கொண்டை ஊசி, இரும்பு வளையல் எதுவும் ஆகாது. காலைக் கழுவி, ஒட்டின மணலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். மருந்துத் தூள் சிந்திக் கிடக்கிற தரையில் ஒரு மணல் உரசினாலும் போதும், பற்றிக்கொள்ளும்.

ரூமுக்கு நாலு பேர். வாசல் ரெண்டு. சீசன் வந்தால் ஒரு வாசலை மறித்துப் பெட்டி அடுக்கிவிடுவார்கள், அப்புறம் ஒன்றுதான். அதனால் யார் எங்கே உட்காருவது என்பது எங்களுக்குப் பெரிய காரியம். வாசலோரத்தில் இருப்பவள் ஒரே எட்டில் வெளியே. உள்மூலைக்காரி மூணு பேரைத் தாண்ட வேண்டும். வாசலோரம் என் மதினிக்கு. அண்ணன் பெண்டாட்டி, பத்து வருஷமாக அங்கே வேலை. நான் புதுசு, எனக்கு உள்மூலை. கை மருந்து அடைக்கும், கண் மதினி முதுகுக்குப் பின்னால் தெரிகிற வெளிச்சத்திலேயே இருக்கும். “ஏ பிள்ள, கையைப் பாரு. வாசல் எங்கயும் ஓடிப்போகாது” என்று மதினி சொல்லும்.

சின்னவர் என்று நாங்கள் சொல்வது மொதலாளி மகனை. அமெரிக்காவில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் வந்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். நாங்கள் எழுந்தோம். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம், சோறு இறங்கவில்லை. அமெரிக்காவில் படிக்கும்போது ஓட்டலில் தட்டு கழுவினாராம். ஓட்டல் மொதலாளியும் பக்கத்தில் நின்று கழுவுவாராம். எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். “நீங்களும் என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்றார். அவர் பேர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

“தட்டு கழுவவா சாமி அம்புட்டுத் தூரம் போனீக? எங்க வீட்டுலயே குமிஞ்சு கெடக்கே” என்றது மதினி. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மதினி விடவில்லை. “அந்த ஓட்டல்காரர் வீடும் நீங்க இருந்த வீடும் ஒரே தெருவுலயா இருந்துச்சு?” அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லக்கா. அவர் வீடு இருந்த பக்கம் நான் போனதே இல்ல.” நல்ல மனுஷன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான்.

மறுநாள் எங்களோடு உட்கார்ந்து வேலை பார்க்க வந்தார். ஷூவோடு. பின்னால் போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் தலையில் ஊசி இருக்கிறதா என்று தினம் பார்த்து அனுப்புகிற ஆள். ஷூவைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவர் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தார். சர்ரென்று ஒரு தேய்ப்பு. இருந்த ஒரு வாசலையும் அவர் அடைத்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் வரவில்லை. மொதலாளியின் பெரிய வீட்டுத் தெருவில் எங்கள் அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அந்த வீட்டுப் பிள்ளையிடம் நான் எப்படிக் கழட்டச் சொல்வேன்?

“சாமி, அங்கனயே நில்லுங்க.” மதினி குரல் உயரவில்லை. “காலை இழுக்காதீக. தூக்கி வச்சு, பைய வெளிய போங்க. ஷூவைக் கழட்டிட்டு வாங்க.” அவர் தன் காலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வெளியே போய்க் காலைக் கழுவி, வெறுங்காலோடு வந்து, ஒரு மணி நேரம் மருந்து அடைத்தார். போகும்போது மதினியைக் கும்பிட்டார்.

அடுத்த நாள் வேனைவிட்டு இறங்கியதும் கேட்டில் போர்மேன் மதினியை மறித்தார். “நீ இனி வர வேண்டாம். மொதலாளி பிள்ளைய வெரட்டுற அளவுக்கு வாய் வளந்துபோச்சு.”

“அவரே கும்பிட்டுட்டுப் போனாரு. ஒமக்கு என்ன?”

“நான் சொல்லியிருப்பேன்ல?”

“எப்ப? நாங்க கரியான பெறவா?”

போர்மேனுக்கும் பயம்தான். ஷூவோடு உள்ளே விட்டது பெரிய மொதலாளிக்குத் தெரிந்தால் அவர் வேலை போய்விடும். மதினி கெஞ்சவில்லை. திரும்பி நடந்தது. அன்றைக்கே என்னை வாசலோரம் உட்காரச் சொன்னார் போர்மேன். வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் கொடுத்த இடம் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். அன்றுதான் முதல்முறையாக என் கண் கையில் நின்றது.

மதினி வெம்பக்கோட்டைப் பக்கம் யாரோ குத்தகைக்கு எடுத்து நடத்துகிற ஒரு பட்டாசுச் செட்டுக்கு வேலைக்குப் போனது. “ஒரு ரூமுக்கு ஏழு பேரு. நான் புதுசுல்ல, உள்மூலைதான்” என்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சின்னவர் பேசினார். தொழிலாளி தப்பைத் தப்பென்று சொல்கிற கம்பெனிதான் நல்ல கம்பெனி என்றார். பிறகு, “என்னைய ஷூவைக் கழட்டச் சொன்ன அக்கா எங்க?” என்று கேட்டார். “மேலுக்குச் சொகமில்லன்னு நின்னுட்டாக” என்றார் போர்மேன். சின்னவர் எங்கள் பக்கம் பார்த்தார். நான் முன் வரிசை. ‘இல்லைங்க, நிப்பாட்டிட்டாக.’ ரெண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போர்மேன் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயங்காலம் மதினி கேட்டது, “சின்னவர் என்ன பேசுனாரு?” “எப்பவும் பேசுறதுதான்” என்றேன்.

ஆயுத பூஜை முடிந்து எட்டாம் நாள் மதினி வேலை பார்த்த செட்டில் தீப்பிடித்தது. மதினி பிழைத்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

இப்போது நான் பட்டாசு வேலைக்குப் போவதில்லை. காலையில் மதினிக்குத் தலை பின்னிவிடுவது நான்தான். “ஒனக்கு எம் மேல எம்புட்டுப் பாசம்” என்று சொல்லும். ஆயுத பூஜையன்று சின்னவர் தேடியதையும் நான் தலை குனிந்ததையும் இன்னும் சொல்லவில்லை. தினம் வாயெடுப்பேன், வராது. இன்றைக்கு எனக்கு மொதலாளியிடம் பயமில்லை, போர்மேனிடம் பயமில்லை. மதினியிடம்தான் பயம். அதனால் எழுதிவிட்டேன். மதினிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.