அப்பாவுக்குக் கேட்காமல் வந்த கார்

ராஜபாளையம் பட்டறை ஒன்றில் என் பழைய காருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புது சைலன்சர் செய்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆசைப்பட்டுக் கேட்ட சத்தம்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் அப்பா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஏட்டு. இப்படி அலறும் வண்டிகளை மடக்கியே சர்வீஸை முடித்தவர். நாற்பது வயதிலும் அவருக்குப் பயப்படுகிற கோழை நான்.

எங்கள் தெரு நல்ல இறக்கம். முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வீடுவரை உருண்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பாதி தூரத்தில் அப்பா தெரிந்தார். முதுகைக் காட்டியபடி, நடுத்தெருவில் குனிந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். இரண்டாவது மிதியிலேயே பெடல் கல்லாக இறுகிவிட்டது, வண்டி நிற்கவில்லை. எஞ்சின் ஓடாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஹார்ன் அடிக்கக்கூடத் தோன்றவில்லை. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன்.

அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

அப்பா எழுந்தார். காரைச் சுற்றி வந்து, பின்னால் பளபளத்த குழாயைப் பார்த்தார். திட்டவில்லை.

"ஏலே, சத்தத்தோட வந்திருந்தா நான் வெலகியிருப்பேன்ல," என்றார்.