ஜெசிந்தா அக்காவும் வெட்சிப்பூப் பாதையும்

ஜெசிந்தா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். முல்லைத்தீவில், சொந்த வீட்டில்.

அவருடைய தம்பியின் மனைவிதான் போன் எடுத்துச் சொன்னார். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற எனக்கு, வந்த பஸ்ஸில் ஏறவே மனம் வரவில்லை...

கனகராயன்குளத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அக்கா நேர்ஸ். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து மருந்து கொடுக்கிற கவுன்டரில் நின்றவள்.

அவரும் இடம்பெயர்ந்தவர்தான். கடற்கரைக் குடும்பம். அம்மாவும் தங்கச்சி ரெஜினாவும் அவரோடு ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள்.

குளக்கட்டுக்குப் பின்னால் அரசாங்கக் காடு. அதற்குள்ளே விறகு வண்டி போய்ப் போய் விழுந்த ஒரு பாதை. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா எங்களை அதில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். பூப் பார்க்க!

ஊரில் சிரித்தார்கள். "சனம் சாப்பாட்டுக்கு அலையுது, இவையள் பூப் பாக்கப் போகினம்."

அக்கா கவலைப்படவில்லை. "கடலிலை பூ இல்லைத்தானே சுமதி, அதுதான் எனக்கு ஆசை" என்பார்.

மழை விட்ட கையோடு போனால் காயா மரங்கள் கொப்பு முழுக்க நீலமாக நிற்கும். பாலை மரத்தில் தொற்றி வளர்ந்த ஓர்க்கிட்டை எட்டிப் பார்க்க, ரெஜினா என் தோளில் ஏறியிருக்கிறாள்... எனக்கு அப்போது தோளில் பலம் இருந்தது.

பிறகு சண்டை வந்தது. எல்லோரும் ஓடினோம். சண்டை அந்தக் காட்டைக் கடந்து அப்பால் போன பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டுதான் திரும்பி வந்தோம்.

பாதை அப்படியே இருந்தது. விறகுக்குப் போகிறவர்கள் மறுபடி போய் வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஆசை வந்தது.

புறப்படும்போது அவர்களுடைய அம்மா வாசலில் நின்று ரெஜினாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பிள்ளை, வரேக்கை மாதா சுருவத்துக்கு ரெண்டு பூக் கொண்டு வா." வீட்டில் ஒரு சின்ன மாதா சிலை வைத்திருந்தார்கள்.

காட்டுக்குள் நுழையும் முன்பு அக்கா எங்களை நிறுத்தினார். "ஒருத்தரும் பாதையை விட்டு இறங்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பாதையோரம், கொஞ்சம் உள்ளே, ஒரு வெட்சிப் பற்றை. சிவப்பாய்ப் பூத்திருந்தது.

"அக்கா, அம்மா கேட்டவா. ரெண்டு பூத்தானே..."

"ரெஜினா, நில்லடி!"

இறங்கிவிட்டாள்.

மிதிவெடி. யார் புதைத்தது என்று இன்றுவரை தெரியாது.

நான் கத்தினேன், போகாதேங்கோ அக்கா, போகாதேங்கோ என்று. அவர் கேட்கவில்லை. உள்ளே போய்த் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதைக்கு வந்து சேர்ந்தபோது ரெஜினாவுக்கு உயிர் இருந்தது. கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது இல்லை.

கிணற்றடியில் வைத்து நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"சுமதி, அந்தப் பூக்கதையை ஒருத்தருக்கும் சொல்லாதையும். தான் கேட்ட பூவுக்குத்தான் இறங்கினவள் எண்டு தெரிஞ்சால் அம்மா உயிரோடை இருக்கமாட்டா. நான் கூட்டிக்கொண்டு போய் வெடியிலை விட்டதெண்டே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் அம்மா அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உனக்கு ஒரு கீறல்கூட இல்லையேடி" என்றார். பிறகு, "நீ போயிருக்கலாம்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நசித்தார்.

கதை ஊர் முழுக்கப் பரவியது. கிளினிக்கில் ஒரு தாய், காயம் கட்ட நீட்டியிருந்த தன் பிள்ளையின் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இவா வேண்டாம். வேறை ஆரும் கட்டுங்கோ." அக்கா பஞ்சை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனார்.

இன்னொரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் தான் நட்டிருந்த மல்லிகையை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேரோடை எடு" என்றார் அம்மா. "இந்த வீட்டிலை இனிப் பூ வேண்டாம். மாதாவுக்கும் வேண்டாம்."

அக்கா மண்ணைத் தோண்டி வேரை இழுத்தார். நிறைய நேரம் எடுத்தது.

திரும்பும்போது வாசல் படலையில் வைத்து அக்காவிடம் கேட்டேன். "உண்மையைச் சொன்னால் என்ன அக்கா? எத்தினை நாளைக்கு இப்பிடி?"

"சொன்னால்? அதுக்குப் பிறகு அவா ஆரை ஏசுவா?" என்று கேட்டார். நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே...

அவர் கலியாணம் செய்யவில்லை. அந்தக் காட்டுப் பக்கம் அதன்பிறகு போனதும் இல்லை. அம்மாவைக் குளிக்க வார்த்து, சோறு தீத்தி, தன் கடைசி நாள்வரை பார்த்தவர் அவர்தான்.

அம்மா இன்னும் இருக்கிறார். கண் தெரிகிறது, காது கேட்கிறது.

பின்னேரம் தம்பியின் மனைவி திரும்பவும் போன் எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அம்மாவை இருத்தினார்களாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அழவில்லையாம்.

"இவள் வாழ்ந்து முடிச்சிட்டாள்" என்றாராம். "மற்றவள்தான் வாழேல்லை."

பிறகு தேத்தண்ணி கேட்டாராம்.

நாளை பின்னேரம் அடக்கம். என்னால் வர முடியாது, தூரம்.

நல்லா நித்திரை கொள்ளுங்கோ, ஜெசிந்தா அக்கா.