திரும்பிப் பார்த்த டிராக்டர்காரர்

குடிபாலாவில் நெல் அறுத்த எங்கள் வயலில், உழாமலே மக்காச்சோளம் விதைக்கும் மெஷினோடு வந்தவர் அவர். நரைத்த மீசை, தலையில் சிவப்புத் துண்டு. பத்தடிக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“வெத சரியா விழுதான்னு பாக்கறீங்களாண்ணா?” என்றேன்.

“அத மிஷினே பாத்துக்கும்பா. உழவு ஓட்டிக்கினு போனா, புழு பொறுக்கிக்கினு பின்னாடியே கொக்குங்க வரும். இத்தினி வருசமா அதுங்கதான் எனக்குத் துணை. இப்ப மண்ணே பெரள்றதில்ல. அதுங்க எதுக்கு வரப்போவுது?”

“டீசல் மிச்சமாவுதே, ஈரமும் நிக்குது.”

“நல்லதுதான்பா,” என்றார். மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.

வேலை முடிந்து ரோடு ஏறும்போதும் திரும்பினார். எனக்குத்தான் என்று கையசைத்தேன். அவர் பார்த்தது எனக்குப் பின்னால் இருந்த வயலை. நானும் திரும்பினேன். ஒரு கொக்குகூட இல்லை.